"விளங்கவில்லை" என்று சொன்னால் போதாது: பிரெஞ்சில் ஒரு விஷயம் பொருந்தவில்லை என்று சொல்வது எப்படி?

பாரிசின் வடக்குப் புறநகரில் ஓர் அரசு அலுவலகம். வேறொருவருக்கு மொழிபெயர்க்கப் போன நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பக்கத்தில் மகன். அம்மாவின் கையில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடிதங்கள். அவர் தனியாக வசிப்பதால் உதவித்தொகை தொடரும் என்கிறது ஒன்று. கணவரோடு வசிப்பதால் தொகை நிறுத்தப்படுகிறது, வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவேண்டும் என்கிறது மற்றது. கணவர் இறந்து நாலு வருடம்.

"ஜெ ந கொம்ப்ரான் பா" என்றார் அம்மா. எனக்கு விளங்கவில்லை. கவுன்டரில் இருந்த பெண் கெட்டவர் இல்லை. இரண்டாவது கடிதத்தை எடுத்து நிதானமாக வாசித்து விளக்கினார். அம்மா திரும்பவும் அதையே சொன்னார். அவர் இன்னும் மெதுவாக விளக்கினார். மூன்றாம் தடவை குரலையும் உயர்த்தினார். மகன் பொறுமை இழந்து, "ஸெ நம்போர்த் குவா!" என்றான். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, மரியாதையாகப் பேசுங்கள்" என்ற பொருளில் ஒரு வசனம், பிறகு மௌனம். அதற்குமேல் அந்தக் கவுன்டரில் எந்தக் கதவும் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

கேட்காமலே குறுக்கிட்டேன். "மன்னிக்கவேண்டும், இந்த இரண்டு கடிதமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இது தனியாக வசிக்கிறார் என்கிறது, அது கணவரோடு என்கிறது." பிரெஞ்சில் நான் பயன்படுத்திய சொல் "கோஎரான்", அதாவது முன்னுக்குப்பின் முரணில்லாதது. "ஸ நெ பா கோஎரான்." அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஆ உய், ஆன் எஃபே." ஆமாம், உண்மைதான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சமூக சேவை அலுவலகம், அகதி விசாரணை எல்லா இடத்திலும் இதே காட்சியைத்தான் பார்க்கிறேன். ஒரு விஷயம் பொருந்தவில்லை என்று சொல்ல நம்மவர்களிடம் இரண்டே வசனம் இருக்கிறது. ஒன்று அளவுக்கு மீறிய பணிவு, மற்றது அளவுக்கு மீறிய கோபம். இரண்டுக்கும் நடுவில் பிரெஞ்சு மொழி வைத்திருக்கும் பெரிய இடம் நம் வாய்க்கு வருவதே இல்லை.

(பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். "ன்" வருகிற இடங்களில் பெரும்பாலும் நாக்கு மேலே ஒட்டாமல் ஒலி மூக்கால் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

காரணம் தமிழில் இருக்கிறது. "இது ஒண்டும் விளங்கேல்ல" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், அவர் தன் அறிவைக் குறைத்துச் சொல்கிறார் என்று யாரும் எடுப்பதில்லை. எதிரில் உள்ள விஷயத்தில்தான் பிழை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. கேட்பவருக்கு அது தெரியும். பிரெஞ்சில் அப்படியில்லை. பிழை யாரிடம் என்பதை வசனமே சொல்லிவிடும். "ஜெ ந கொம்ப்ரான் பா" என்றால் குறை என்னிடம், நீ விளக்கு. "ஸா நா பா த ஸான்ஸ்", இதற்குப் பொருள் இல்லை என்றால் குறை விஷயத்தில். "தியு தி நம்போர்த் குவா" என்றால் குறை உன்னில், நீ வாய்க்கு வந்ததைப் பேசுகிறாய். அந்த அம்மா முதலாவதைச் சொன்னார், அதனால் விளக்கம் கிடைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது திருத்தம்.

"நம்போர்த் குவா" என்ற தொடரை நேராகப் பிரித்தால் "எதுவானாலும் சரி" என்றுதான் வரும். அது தனியே ஒரு வசைச்சொல் அல்ல. வீட்டுக்குள், நண்பர்களுக்குள், தொலைக்காட்சியைப் பார்த்துக்கூட நாள் முழுக்கச் சொல்வார்கள். அதனால்தான் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் காரம் தெரிவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொல்லும்போது அது "உன் வேலை குப்பை" என்று போய் விழும். தம்பி தங்கைமாரே, அலுவலகத்தில் அந்தத் தொடரைத் தொடவேண்டாம்.

"ஸா நா பா த ஸான்ஸ்" நல்ல, எல்லா இடத்துக்கும் பொருந்தும் வசனம். ஆனால் கடைசி "ஸ்"ஸை விழுங்கிவிடக் கூடாது. விழுங்கினால் "ஸான்" என்று கேட்கும், அது இரத்தம். சிறுநீரிலோ சளியிலோ இரத்தம் போகிறதா என்று மருத்துவர் கேட்டுக்கொண்டிருக்கும் அறையில் அந்த ஒரு எழுத்து எவ்வளவு குழப்பும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். "ஸான்ஸ்" என்ற சொல்லுக்குப் பொருள், புலன், திசை மூன்றும் உண்டு. தெருவில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைக் கோடு போட்ட பலகைக்குப் பெயர் "ஸான்ஸ் அந்தெர்தி", இந்தத் திசையில் போகத் தடை. ஒரு பேச்சுக்கு "ஸான்ஸ்" இல்லை என்றால் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்ற நிழலும் அதில் விழுகிறது.

இன்னொரு பிழை ஆங்கிலத்திலிருந்து வருகிறது. இலண்டனிலிருந்து இங்கே மாறி வந்த குடும்பங்கள் "ஸா ந ஃபே பா த ஸான்ஸ்", அதாவது "அது பொருள் செய்யவில்லை" என்று சொல்வதைக் கேட்கிறேன். பிரெஞ்சில் பொருள் "இருக்கும்" அல்லது "இருக்காது", அதைச் "செய்வது" ஆங்கிலப் பழக்கம். மொன்றியாலில் இருக்கும் நம் உறவினர்கள் அப்படிப் பேசினால் அங்கே அது சாதாரணம்தான், ஆனாலும் கியூபெக்கின் மொழி அறிஞர்களே அதை ஆங்கிலத் தாக்கம் என்றுதான் குறிக்கிறார்கள். பிரான்சில் கடிதத்தில் எழுதினால் உடனே கண்ணில் குத்தும்.

உருவகத் தொடர்கள் எனக்குப் பிடித்த பகுதி. "ஸா ந தியான் பா தெபு" என்றால் அது எழுந்து நிற்கவில்லை. ஒரு வாதம் தன் காலில் நிற்காதபோது சொல்வது, மரியாதை கெடாது. "நி கெ நி தெத்" என்றால் வாலும் இல்லை தலையும் இல்லை. நம் "தலைகால் தெரியவில்லை"யை இதோடு குழப்பவேண்டாம், அது மகிழ்ச்சியில் மிதப்பவருக்குச் சொல்வது. வலிந்து பொருத்திய விளக்கத்தை "திரே பார் லெ ஷெவெ", மயிரைப் பிடித்து இழுத்து வந்தது என்பார்கள். அதற்கு நம்மிடம் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது இருக்கிறது. "அப்சுர்த்" என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குச் சுருதி சேராதது என்று பொருள். நம் "அபசுரம்" ஞாபகம் வரும். ஒலி ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்க உதவும்.

ஆனால் அலுவலகத்துக்கு இவை எதுவும் வேண்டாம். "இலியா யுன் அன்கோஎரான்ஸ்", இங்கே ஒரு முரண் இருக்கிறது. "ஸா ந கொரெஸ்போன் பா", இது அதோடு ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டையும் சொல்லி, உடனே முரண் எந்த இடத்தில் என்று விரலை வைத்துக் காட்டவேண்டும். இந்த வசனங்களில் யாரும் குற்றவாளி இல்லை, இரண்டு தாள்களுக்கு இடையில்தான் சண்டை. அதிகாரியும் நாமும் ஒரே பக்கம் நின்று பார்க்கலாம்.

அகதி விசாரணையில் இதே சொல் நம்மை நோக்கித் திரும்பும். அகதி விண்ணப்பங்களை முடிவு செய்ய 1952இல் உருவான ஒஃப்ப்ரா அலுவலகத்தின் நிராகரிப்புக் கடிதங்களில் "அன்கோஎரான்" என்ற சொல்லை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். அது "பொய்" என்று சொல்லவில்லை. சொன்னவை ஒன்றோடொன்று சேரவில்லை என்கிறது. சேராமல் போவதற்கு நம் உறவுமுறைச் சொற்களே பல சமயம் காரணம். பெரியப்பா மகனை அண்ணன் என்கிறோம். ஒருவர் அதை "ஃப்ரேர்", சகோதரன் என்று எழுதிக் கொடுக்கிறார். விசாரணையில் வேறொருவர் சரியாக "குஸான்", ஒன்றுவிட்ட சகோதரன் என்று மொழிபெயர்க்கிறார். முடிவில் "முரணான கூற்று". பாரிசை ஒட்டிய மொந்த்ரேயில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்தில் "இந்த முடிவு அபத்தம்" என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பயனில்லை. தமிழில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், முரண் மொழிபெயர்ப்பில் பிறந்தது என்று அந்த ஓர் இடத்தைக் குறித்து வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் ஆஸ்பத்திரி. இனி வரும் இரண்டு பேரின் வயதையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எழுபது கடந்த ஓர் ஐயா. "நெஞ்சுக்குள்ள பல்லி ஓடுற மாதிரி இருக்கு" என்று மகளிடம் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் இங்கே பிறந்தவர், வேலைக்கு நடுவே அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனவர். பல்லியை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது? வெட்கப்பட்டு, "அவர் சொல்வதில் ஸான்ஸ் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஒரு முதியவரின் பேச்சைப் பற்றி அப்படிச் சொன்னால் மருத்துவருக்கு அது ஒரு நோய்க்குறி. "ப்ரொப்போ அன்கோஎரான்", தொடர்பில்லாத பேச்சு என்று கோப்பில் ஏறியது. ஞாபகமறதிப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஐயா தேதி சொன்னார், கிழமை சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போனார். எல்லாம் முடிந்தபின் என்னிடம் மெதுவாக, "பிள்ளை, அந்தப் பல்லியைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். ஓடி, நின்று, திரும்ப ஓடுகிறது என்று அவர் விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். மருத்துவர் அந்தத் தட்டலைப் பார்த்துக்கொண்டே இதயத்துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது.

மகளுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன மாற்றம்தான்: "அவர் சொல்வதை எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை." "ஜெ ந ஸே பா ல த்ரத்யுயிர்." குறை அப்பாவின் தலையில் இல்லை, என் சொற்களில் என்று அந்த வசனம் தெளிவாகச் சொல்லும். கூடவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சுகாதாரத்தில் மொழிபெயர்ப்பாளரின் இடத்தைப் பிரான்சின் 2016ஆம் ஆண்டுச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது, 2017இல் அதற்கு வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. கேட்பது சலுகை இல்லை. எல்லா இடத்திலும் உடனே கிடைக்காது என்பதும் உண்மை, அதனால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள்.

மற்றவர் நாற்பதுகளில் இருந்த ஒரு தாய். தூக்கமில்லை, சாப்பாடில்லை என்று மருத்துவரிடம் வந்திருந்தார். மொழிபெயர்க்கப் பதினைந்து வயது மகன். நான் அந்த அறைக்கு வந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தாய் யன்னலைப் பார்த்தபடி, "இனி இருந்து என்ன அர்த்தம்" என்றார். மருத்துவர் மகனைப் பார்த்தார். மகன் தோளைக் குலுக்கி, "ஒன்றுமில்லை, எல் தி நம்போர்த் குவா" என்றான். அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வசனத்தை எப்படித் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்வான்? ஆனால் தமிழில் "அர்த்தமில்லை" என்பது பல வேலை செய்யும் சொல். "இனிப் போய் அர்த்தமில்லை, கடை பூட்டியிருப்பான்" என்றால் அது "ஸா ந ஸெர் ஆ ரியான்", பயனில்லை. "அவன் பேச்சில் அர்த்தமில்லை" என்றால் "ஸா நா பா த ஸான்ஸ்." இருப்பதற்கே அர்த்தமில்லை என்று ஒருவர் சொன்னால் பிரெஞ்சில் அதற்கு ஒரே வசனம்தான்: "மா வீ நா ப்ளியு த ஸான்ஸ்." எந்த மருத்துவரும் அதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவமாட்டார். வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டால் தற்கொலைத் தடுப்புக்கான 3114 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிரெஞ்சு தெரிந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து கூப்பிடலாம்.

அன்று நான் அந்தத் தாயிடம், "அம்மா, நீங்கள் இப்ப சொன்னதை டொக்டருக்கு நான் சொல்லலாமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். சொன்னேன். மருத்துவர் கணினித் திரையைத் தள்ளி வைத்தார். மகனை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தெப்வி கான்?" என்றார்.

"எப்ப இருந்து அம்மா?" என்றேன்.

அவர் யன்னலை விட்டு முகத்தைத் திருப்பினார்.