ஒன்றும் மாறவில்லை என்று சொல்லாதீர்கள்

"போனமுறை சொன்னதையே எழுதும் பிள்ளை, ஒண்டும் மாறேல்லை."

ஒரே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் அவர்களின் வரவு செலவைக் கேட்டெழுதும் ஆய்வொன்றில் வேலை செய்கிறேன். போன கிழமை சுன்னாகம் பக்கம் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் இப்படிச் சொன்னார். கொஞ்சநேரம் கதைத்தபின் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மகன் கட்டாருக்குப் போய் ஏழு மாதம். மகள் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டார். தோட்டம் குத்தகையில், நகை அடைவில். இந்த மாதம் இப்படி இது நாலாவது வீடு.

கடைசியில் அவரே கேட்டார்: "மகன் அனுப்புறதை எழுதினா அஸ்வெசும நிண்டிடும் எல்லே?"

நிற்காது அம்மா. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவின் பட்டியல் வேறு, எங்கள் ஆய்வு வேறு. எங்கள் படிவம் பிரதேச செயலகத்துக்குப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் கொடுப்பனவு வெட்டுப்படாது, மறைத்தால் கூடவும் மாட்டாது. இதை ஒவ்வொரு படலையிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். (வெளிநாட்டுக் காசை எங்கள் ஊர் ஆட்கள் 'வருமானம்' என்று சொல்வதேயில்லை. அதனால் நான் முதலில் "ஆர் அனுப்புறவை?" என்றுதான் கேட்பேன்.)

அரசின் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பு ஒவ்வொரு முறையும் புதிய வீடுகளைத் தெரிவுசெய்கிறது. ஊரில் நூறு வீட்டில் பத்து வறுமையில் என்றால், அடுத்த முறையும் பத்து என்றால், அதே பத்தா, வேறு பத்தா? அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் தெரியும். எழும்ப முடியாமல் கிடக்கும் வீட்டுக்குத் தேவையான உதவி வேறு, ஒரு வருடம் சறுக்கிய வீட்டுக்கு வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் ஏறத்தாழ 5000 குடும்பங்களோடு தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. பிள்ளைகள் பிரிந்துபோய்த் தனிக்குடித்தனம் வைத்தால் அவர்களையும் தேடிப் போகிறார்கள்.

அதனால் தயவுசெய்து "பக்கத்து வீட்டைக் கேளுங்கோ" என்று அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பதில் இன்னொரு வீடு கிடையாது. போன வருடப் பதிலைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். விருப்பமில்லாத கேள்வியா? "சொல்ல மாட்டன்" என்றால் போதும், அப்படியே குறித்துக்கொள்வோம். பொய்ப்பதில்தான் எங்களை வழிதவற வைக்கிறது.

வருகிறவரின் அடையாள அட்டையைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கு இலக்கமோ, கைபேசிக்கு வரும் இரகசியக் குறியீடோ கேட்டால் அது நாங்கள் இல்லை, படலையைச் சாத்துங்கள்.

வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வீடு மாறினால் "இனி எங்களைக் கேக்க மாட்டினம்" என்று விட்டுவிடாதீர்கள். அப்போதுதான் உங்களை அதிகம் தேடுவோம். புது முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எங்களுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.