வெக்டர்: திசையனும் இல்லை, கடத்தியும் இல்லை

'வைரஸ் திசையன்களை நிறப்பிரிகை மூலம் சுத்திகரித்தல்' என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. மரபணு சிகிச்சை பற்றிய கட்டுரையாம். 2021இல் கோவிஷீல்டை 'வைரஸ் திசையன் தடுப்பூசி' என்று எழுதினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஹீமோபிலியா (இரத்தம் உறையாத நோய்) மரபணு சிகிச்சைச் செய்தி 2024 டிசம்பரில் வந்தபோதும் அதே திசையன் எட்டிப் பார்த்தது. கணக்கில் வரும் வெக்டருக்குத்தான் தமிழில் திசையன் என்று பெயர், அளவும் திசையும் உடையது அது என்று பிளஸ் ஒன்னில் படித்தோம். வைரஸுக்கு எந்தத் திசை, வடகிழக்கா?

சொல்லின் கதை சின்னது. 'வெஹெரே' என்ற இலத்தீன் வினைக்குச் சுமந்து செல்லுதல் என்று பொருள். அதைச் செய்வது வெக்டர். ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிக்குக் கொண்டுபோகும் கோடு என்ற எண்ணத்தில் 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கணிதர் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குள் இழுத்தார். மலேரியாக் கிருமியைச் சுமக்கும் கொசுவும் வெக்டர்தான். மரபணு சிகிச்சையில், வைரஸின் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு நோயாளிக்குத் தேவையான மரபணுவை உள்ளே வைத்து அனுப்புகிறார்களே, அதுவும் வெக்டர்.

திசையன் இயந்திர மொழிபெயர்ப்பின் கைங்கரியம், அதோடு என்ன வாதாடுவது? என் சண்டை 'கடத்தி'யோடு. உயிரியல் வெக்டருக்குப் படித்தவர்கள் யோசித்துப் போட்ட சொல் அது. 'தாங்கிக்கடத்தி' என்று அதற்கு ஓர் அண்ணனும் உண்டு. மின்கடத்தி என்ன செய்கிறது? செம்புக்கம்பி இருந்த இடத்தில் இருக்கிறது, மின்சாரம் அதன் வழியே போகிறது. வெக்டர் அப்படியில்லை, சுமையோடு தானும் செல்லுக்குள் போய்ச் சேர்கிறது. ஒன்று வழி, மற்றொன்று ஆள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, மாணவனுக்குப் புரியவில்லை என்றால் எப்படி? செய்தித்தாளில் கடத்தல் என்றாலே தங்கமும் ஆளும்தான் என்பது தனிக் கதை.

சுத்திகரிப்புக்கு வந்தால் இந்தக் குழப்பம் வெளிச்சமாகிவிடும். கண் நோய்க்கான லக்ஸ்டர்னா (2017), தண்டுவடத் தசைநலிவுக்கான ஸோல்ஜென்ஸ்மா (2019) என்ற மரபணு மருந்துகள் இரண்டிலும் சுமப்பது ஏ.ஏ.வி. (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்) என்னும் குட்டி வைரஸ். குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். உள்ளே ஏறத்தாழ 4,700 மரபெழுத்துகளுக்குத்தான் இடம். செல்களில் வளர்த்து எடுக்கும்போது பல வைரஸ் ஓடுகள், அதாவது வெளிப்புறப் புரத உறைகள், மரபணு ஏறாமல் வெறுமனே வந்துவிடும். அவை நோயைத் தீர்க்காது, உடலின் எதிர்ப்பை மட்டும் கிளப்பிவிடும். சுத்திகரிக்க, கலவையைக் குழாய்கள் வழியே ஓட்டிப் பிரிக்கும் குரோமட்டோகிராபிதான் வழி. முதல் குழாயில், ஒட்டகக் குடும்பத்து எதிர்ப்புரதத் (ஆன்டிபாடி) துண்டுகள் ஒட்டிய மணிகள் வைரஸைப் பிடித்துக்கொள்கின்றன. மணிகளின் பிடி வைரஸின் வெளி ஓட்டில்தான். வெறும் ஓடும் நிறைந்த ஓடும் வெளியே ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் மாட்டும். பிரிக்கிற வேலை அடுத்த குழாயில், மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றத்தில். உள்ளே டி.என்.ஏ. இருப்பதால் நிறைந்ததற்கு எதிர்மின்னூட்டம் ஒரு துளி அதிகம், குழாயின் நேர்மின்னூட்ட மணிகளில் சற்று இறுக ஒட்டிக்கொள்ளும். உப்பை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் வெறும் ஓடு முதலில் கழன்றுவிடும், நிறைந்தது சற்றுப் பிந்தி வரும். புற ஊதா ஒளியை 260 நானோமீட்டரில் டி.என்.ஏ.வும் 280இல் புரதமும் நன்றாக உறிஞ்சும், ஆகவே திரையில் அந்த இரண்டு கோடுகளும் கூடவே ஏறும். பின்னால் வரும் முகட்டில் 260இன் கோடு 280ஐத் தாண்டினால் டி.என்.ஏ. உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இதைத் தமிழில் எழுத வேண்டுமே. 'வெற்றுக் கடத்திகள்' என்றால் மின்சாரம் இல்லாத கம்பி நினைவுக்கு வரும். 'வெற்றுத் திசையன்' என்றால் கணக்கு வாத்தியார் எழுந்து நின்று பூஜ்ஜியத் திசையனா என்று கேட்பார். ஈழத்தில் கொசுவை நோய்க்காவி என்பார்கள். காவுதல் என்றால் சுமத்தல், காவடியில் இருப்பதும் அந்தக் காவுதான். மரபணுக்காவி, வெறுங்காவி, நிறைகாவி. விளக்கமே வேண்டாம்.

காவி என்றால் நிறம், அதிலும் அரசியல் நிறம், என்று இங்கே முணுமுணுப்பார்கள். தனியே நின்றால் சரி, சிக்கல்தான். மரபணுக்காவி என்று சேர்த்தே எழுதுங்கள், யாருக்கும் வேட்டி நினைவு வராது.

அந்தத் தலைப்பின் அடுத்த பாதி இன்னும் மோசம். நிறப்பிரிகை என்பது முப்பட்டகத்தில் ஒளி சிதறுவது. குரோமட்டோகிராபி வேறு. ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் குழாயில் இறக்கினார், பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டையாக நின்றன. அதனால் 'நிற எழுத்து' என்ற பொருளில் கிரேக்கப் பெயர் வைத்தார். ஏ.ஏ.வி. குழாயில் வண்ணமே கிடையாது. ஆனாலும் வண்ணப்பிரிகை என்று பாடநூலில் ஊன்றிவிட்டது, மூலப்பெயரும் அதே பொய்யைத்தான் சொல்கிறது, ஆகவே அதை இருக்க விடலாம். முப்பட்டகத்தை மட்டும் குழாய்க்குள் திணிக்காதீர்கள்.