இரண்டாவது கோடு எங்கிருந்து வருகிறது?

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் சிறுநீர் பட்டதும் ஓர் இளஞ்சிவப்பு ஈரம் மெல்ல ஊர்ந்து மேலே ஏறும். அந்தச் சிவப்பு, தங்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான தங்கத் துகள்கள் சிவப்பாகத்தான் தெரியும். ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், ஒட்டியிருக்கும். அவை தேடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை.

கரு கருப்பைச் சுவரில் பதிந்த பிறகுதான் இந்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கத் தொடங்கும். கருமுட்டை வெளியான 8 முதல் 10 நாட்களுக்குள் பெரும்பாலும் அது நடந்துவிடும். எச்.சி.ஜி.யில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பாகங்கள். ஆல்ஃபா பாகம் வேறு சில ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. அதனால் ஆன்டிபாடி பீட்டாவைத்தான் அடையாளம் பார்க்கிறது. ஹார்மோனைப் பிடித்த தங்கத் துகள்கள் 'டி' (டெஸ்ட்) கோட்டுக்கு வரும்போது, அங்கே அசையாமல் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி ஹார்மோனின் மறுபக்கத்தைப் பற்றிக்கொள்ளும். துகள்கள் ஆயிரக்கணக்கில் அங்கே சேரச் சேரக் கோடு தெரியும். மிச்சத் துகள்கள், பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' (கன்ட்ரோல்) கோட்டில் போய் நிற்கும். அது வரவில்லை என்றால் பட்டை வேலை செய்யவில்லை; புதிதாக இன்னொன்றில் பார்க்க வேண்டியதுதான்.

பல பட்டைகளுக்கு ஒரு மில்லிலிட்டரில் சுமார் 25 மில்லி யூனிட் ஹார்மோன் தேவை. ஆரம்பத்தில் உடலில் ஹார்மோனின் அளவு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் இன்று கோடு விழவில்லை என்று மனம் உடைய வேண்டாம். மூன்று நாள் கழித்து, காலையின் முதல் சிறுநீரில் பாருங்கள்.

சரி, சில டிஜிட்டல் கருவிகள் '2–3' என்று வாரக்கணக்கு காட்டுகின்றனவே? உள்ளே நுண்ணுணர்வு கூடிய பட்டை ஒன்று, குறைந்த பட்டை ஒன்று. இரண்டின் கோடுகளும் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்பதை ஒளி உணரி அளக்கிறது. கருவி அறிவது ஹார்மோனின் அளவை மட்டும்தான். நாட்களை அதிலிருந்து ஊகிக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் கணக்கு குறையலாம், இரட்டைக் கரு என்றால் கூடலாம். மூன்று வாரத்துக்கு மேல் அது பிரித்துச் சொல்வதும் இல்லை.

இங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். கருவி '2–3' என்கிறது, மருத்துவரோ ஐந்து வாரம் என்கிறார். இரண்டும் சரிதான். கருவி கரு உண்டான நாளிலிருந்து எண்ணுகிறது. மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். இடையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த நாட்களில் கருவே உண்டாகியிருக்காது.