வைஃபை வேகம் ஏன் நொடிக்கு நொடி மாறுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "லேப்டாப்பை மேசையை விட்டு நகர்த்தவே இல்லை. ஆனாலும் இணைப்பு வேகம் 54, 36, 48 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. என் பழைய ரவுட்டர் பழுதா?" பழுதில்லை. அப்படி மாறுவதுதான் அதன் வேலை.

ரேடியோ அலையின் வீச்சையும் (உயரம்) கட்டத்தையும் (phase, அதாவது அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது) மாற்றித்தான் பிட்டுகளை, அதாவது 0, 1 என்ற தரவை, அனுப்புகிறோம். இந்த இரண்டின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு புள்ளி என்று வைத்து, இதைப் புள்ளிக் கோலமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் 4×4 புள்ளிகள் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் 4 பிட் சுமக்கும், 8×8 வைத்தால் 6 பிட், வைஃபை 7 போகிற 64×64 வரை போனால் 12 பிட். அனுப்பும் சக்திக்கு வரம்பு இருப்பதால் வாசல் மட்டும் பெரிதாகாது. புள்ளிகள் நெருங்க நெருங்க, லேசான இரைச்சலிலேயே ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளி போலத் தெரிந்துவிடும். அதனால் சிக்னல் நன்றாக இருந்தால் நெருக்கமாக, மோசமானால் இடைவெளி விட்டு. பிழை திருத்தும் பிட்டுகளையும் கூட்டிக் குறைத்து, 802.11ஜி என்ற பழைய வகை வைஃபையில் நொடிக்கு 6 முதல் 54 மெகாபிட் வரை எட்டுப் படிகள்.

சரி, எந்தப் படியில் அனுப்புவது? அது அனுப்புகிற கருவிக்குத் தெரியாது, ஏனென்றால் இரைச்சல் இருப்பது வாங்குகிற பக்கம். பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் "கிடைத்தது" என்று ஒரு சின்ன பதில் வரும், வராவிட்டால் மௌனம், அவ்வளவுதான். 1997-இல் கேமர்மன், மான்ட்பன் இருவரும் வெளியிட்ட முறை ரொம்ப எளிது: தொடர்ந்து இரண்டு முறை பதில் இல்லையென்றால் ஒரு படி இறங்கு, தொடர்ந்து பத்து பதில் வந்தால் ஒரு படி ஏறு. ஆனால் மௌனத்துக்குக் காரணம் சிக்னல் குறைவுதான் என்று யார் சொன்னது? தொலைவிலுள்ள இன்னொரு கருவி குறுக்கே பேசி மோதியிருக்கலாம். அப்போது வேகத்தைக் குறைத்தால் நிலைமை இன்னும் கெடும். 1500 பைட் பாக்கெட் 54 மெகாபிட்டில் ஏறக்குறைய 0.22 மில்லிநொடியில் முடிந்துவிடும், 6 மெகாபிட்டில் 2 மில்லிநொடி காற்றில் கிடக்கும், அத்தனை நேரமும் மோதல் நடக்கலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் மின்ஸ்ட்ரல் என்ற முறை இங்கேதான் என் மனதைக் கவர்கிறது. அது காரணத்தைத் தேடுவதே இல்லை, ஒவ்வொரு படியிலும் உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று மட்டும் கணக்கு வைக்கிறது. 54-இல் மூன்றில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் கிட்டத்தட்ட 36 மிஞ்சும், ஒன்றுகூடத் தொலையாத 24-ஐ விட அது மேல்! பழைய கணக்குக்கு மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரும். பத்தில் ஒரு பாக்கெட்டை வேறு படிகளைச் சோதிக்கச் செலவிடும், உங்கள் திரையில் எண் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சோதிக்க வேண்டிய படி இப்போதைய சிறந்த படியைவிட மெதுவானது என்றால், முதலில் சிறந்த படியில் அனுப்பிப் பார்க்கும், அது தோற்றால்தான் மெதுவான படி. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது சோதனைக்காக நேரம் வீணாகாது. எத்தனை அழகான யோசனை!

செல்போனில் வேறு வழி. 4ஜி போன், சிக்னல் தரத்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணாக டவருக்குச் சொல்கிறது. டவர் பொதுவாகப் பத்தில் ஒன்று முதல்முறை தோற்கும் அளவுக்குத் துணிந்துதான் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். ஒன்றுமே தோற்கவில்லை என்றால் இன்னும் வேகமாக அனுப்பியிருக்கலாம் என்று அர்த்தம்.

 மின்ஸ்ட்ரலின் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அதற்கு முன்னோடியான சாம்பிள்ரேட், 2005-இல் எம்ஐடி மாணவர் ஜான் பிக்கெட் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்த வேலை. பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படாத ஆராய்ச்சி இது. நம் பொறியியல் கல்லூரிகள் மாணவர்களுக்கு நாலு பழைய ரவுட்டர்களும் ஓபன்டபிள்யுஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருளும் கொடுக்க நிதி ஒதுக்கினால் போதும், இங்கேயும் செய்யலாம்.

அப்புறம், வாசகரின் இன்னொரு கேள்வி: மூலையறையில் இருக்கும் பழைய போனால் வீட்டில் எல்லோருக்கும் வேகம் குறையுமா? குறையும். வைஃபை ஒவ்வொரு கருவிக்கும் ஏறக்குறைய சமமான வாய்ப்பு தருகிறது, சமமான நேரம் தருவதில்லை. 6 மெகாபிட்டில் அந்த போன் ஒரு பாக்கெட் அனுப்பி முடிக்கும்வரை 54-இல் பேசக்கூடிய உங்கள் லேப்டாப் காத்திருக்கத்தான் வேண்டும். புதிய லினக்ஸ் ரவுட்டர்கள் சிலவற்றில் நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் வசதி வந்திருக்கிறது. அது இல்லாதவர்கள் அந்த போனை ரவுட்டருக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள்.