கட்டிக்கு ரத்தம் எப்படி வருகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "அம்மாவின் முன்கையில் எட்டு வருடமாக ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பில் வந்தது ஆறு மாதத்தில் பெரிதாகிவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? கத்தி பட்டால் பரவும் என்கிறார்களே, உண்மையா?"

அம்மாவுடையது கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கிப் போகும். மெல்லிய உறைக்குள் அடங்கிக் கிடக்கும். புற்றுநோய்க் கட்டி அப்படி அடங்காது, பக்கத்துத் திசுவுக்குள் புகுந்துவிடும். இதெல்லாம் தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்த கேள்வி வேறு: இப்படிப் பெருகிக்கொண்டே போகிற செல்களுக்குச் சாப்பாடு போடுவது யார்?

ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் தானாகக் கசிந்து போகும் தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையில், ரத்தத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய திரவம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார் ஜூடா ஃபோக்மன் என்ற மருத்துவர். உடலிலிருந்து பிரித்தெடுத்து உயிரோடு வைத்திருந்த முயல் தைராய்டில் புற்றுநோய்ச் செல்களை விட்டுப் பார்த்தார். அவை கடுகளவு வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அவற்றை எடுத்து எலிக்குள் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தன. அங்கே புதிய ரத்தக் குழாய்கள் கட்டியைத் தேடி வந்திருந்தன!

பிறகு முயலின் கருவிழியிலும் சோதித்தார்கள். கண்ணாடி போன்ற அந்தப் படலத்தில் ரத்தக் குழாயே கிடையாது. துளிக் கட்டியை அதில் வைத்ததும், சில நாளில் கண்ணின் ஓரத்திலிருந்து சிவப்பு இழைகள் கிளம்பி அதை நோக்கியே வளர்ந்து வந்தன.

கூப்பிட்டது யார்? நம் செல் ஒவ்வொன்றும் எச்ஐஎஃப் என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால், செய்த சில நிமிடத்தில் அதை அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுபோகும். தேங்கிய புரதம் செல்லின் உட்கருவுக்குப் போய், விஈஜிஎஃப் என்ற அழைப்புப் புரதத்தைச் செய்யும் மரபணுவை முடுக்கிவிடும். அழைப்பு கிடைத்ததும் பக்கத்துக் குழாய் கிளைவிடும். காயம் ஆறுவதற்கு உடல் வைத்திருக்கும் இதே ஏற்பாட்டைத்தான் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜனைச் செல் உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் கிடைத்தது.

1971இல், ரத்தக் குழாயைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று ஃபோக்மன் எழுதியபோது பலர் நம்பவில்லை. விஈஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004இல்தான் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது புற்றுநோயை அடியோடு ஒழித்துவிடவில்லை, வேறு மருந்துகளோடு சேர்ந்து அதன் வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் அதே மருந்து, கண்ணுக்குள் வேண்டாத ரத்தக் குழாய்கள் கிளைவிடுவதைத் தடுத்து, இன்று சர்க்கரை நோயாளிகளின் பார்வையைக் காப்பாற்றுகிறது. என் அப்பாவுக்கு அந்த ஊசி போட்ட அன்று, கண்ணில் பஞ்சு ஒட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து எனக்கு அந்த முயல்தான் நினைவுக்கு வந்தது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்கள் ஒருநாள் அந்த வரிசையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரி, கத்திக்கு வருவோம். ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போடுவதுதான் உயிரை எடுக்கிறது. வலிக்கவில்லையே என்றும் சும்மா இருக்கக் கூடாது; புற்றுநோய்க் கட்டி பல தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. அம்மாவை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கட்டி எப்போது கண்ணில் பட்டது, அதன்பின் அளவு மாறியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.