உடைத்த சுவரும் ஜல்லிதான், ரசீதைத் தொலைக்காதீர்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் தோட்ட வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் சமையலறையை இடித்துப் பெரிதாக்கினார். இடிபாட்டை ஒரு லோரிக்காரர் 200 வெள்ளிக்கு அள்ளிப்போய்ச் செம்பனைக் காட்டோரம் கொட்டிவிட்டார். குவியலுக்குள் பெரியவர் வீட்டுக் கரண்டு பில் கிடந்தது. விசாரணை நேரே அவர் வாசலுக்கு வந்தது. லோரிக்காரர் அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

2007-ஆம் ஆண்டு 672-ஆவது சட்டமான திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டப்படி கட்டுமானக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் அபராதமே 10,000 வெள்ளியில் தொடங்குகிறது. இச்சட்டம் நெகிரி செம்பிலானில் உண்டு. பேராக்கிலும் சிலாங்கூரிலும் இல்லை, அங்கே ஊராட்சி மன்ற விதிகள்தான். அதனால் பேராக்கின் ஈப்போவில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி இங்கே காரியம் செய்யாதீர்கள்.

இடிபாட்டில் பாதியைக் கொட்டவே வேண்டியதில்லை. சுத்தமான கான்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கித் தரைக்கு அடியிலும் நடைபாதையிலும் போட்டு இறுக்கலாம். அந்த அளவுக்குக் குவாரிக் கல் வாங்கும் செலவு மிச்சம். தூணுக்கும் பீமுக்கும் மட்டும் வேண்டாம். பழைய சாந்து ஒட்டிய கல் தண்ணீரை அதிகம் குடிக்கும். எஞ்சினியர் கணக்கு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தோட்டத்துச் சாலையில் கொட்டுவார்களே, செம்பனை மில் கொதிகலனில் எரிந்து மிஞ்சும் கட்டிச் சாம்பலான கிளிங்கர், அதுவும் தரை நிரப்ப உதவும். ஆனால் மில்லின் கடிதம் இல்லாமல் ஏற்றாதீர்கள். "கேட்டால் கொடுப்பாங்க" என்பது கடிதம் ஆகாது.

பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் நொறுக்கவே கூடாது. அதன் தூசும் நாரும் நுரையீரலில் தங்கிவிடும். அரசின் அபாயக் கழிவுப் பட்டியலில் அதற்கு எஸ்டபிள்யூ 201 என்று தனி எண்ணே இருக்கிறது.

அப்புறம் அலுவலக அலைச்சல். மன்றத்தில் கேட்டால் திடக்கழிவைக் கவனிக்கும் அரசுக் கழகத்தைக் காட்டுவார்கள்; கழகம் திரும்ப மன்றத்தைக் காட்டும். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கழிவு ஏற்றுபவரிடம் லைசென்ஸ் நகல், லோரி எண், கொட்டிய இடத்து ரசீது மூன்றையும் வாங்கிய பிறகே மீதிப் பணம். வீட்டை இடித்துக் கட்டப் பெர்மிட் எடுக்கும்போது பல மன்றங்கள் வைப்புத்தொகை கேட்கும். அதைத் திரும்ப வாங்கப் போகும் நாளில் அசல் ரசீது இல்லை என்றால், கவுண்டரில் யாரும் உங்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வெயிலில் மங்கும் ரசீதுக்கு முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.