மதம் மாறாமல் திருமணம்: சட்டம் தரும் உரிமை

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள யாராவது ஒருவர் மதம் மாறியே ஆகவேண்டும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். தேவையே இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும் என்பதால் வந்த குழப்பம் இது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது.

இதற்கு முன்பு 1872-இல் வந்த சட்டம், மணமக்களிடம் ‘நான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல’ என்று எழுதி வாங்கியது. 1954-இல் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டார்கள். மதச்சார்பின்மை என்றால் மதத்தைக் கைவிடச் சொல்வது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் தொழுகைக்குப் போகலாம், மற்றவர் கோயிலுக்குப் போகலாம். அரசு அதில் தலையிடாது.

சரி, நடைமுறை என்ன? ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில், திருமணம் செய்யப் போகிறோம் என்று திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.

இந்த முப்பது நாள்தான் கொடுமை. வீட்டுக்குப் பயந்து வருகிறவர்களின் பெயரும் முகவரியும் பொதுவில் ஒட்டப்படுகின்றன. இந்து திருமணச் சட்டத்தில் இப்படி நோட்டீஸ் ஒட்டும் வழக்கமே இல்லை. மணமக்கள் எழுதிக் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. நாடு முழுக்க அப்படியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

ஆட்சேபம் வந்தால் பதற வேண்டாம். ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிருடன் இருப்பது, வயது குறைவு, சம்மதம் தர இயலாத மனநிலை, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு ஆகியவைதான் செல்லும் காரணங்கள். மதமோ சாதியோ பெற்றோரின் கோபமோ அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலர் 30 நாளில் முடிவெடுக்க வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அப்புறம், திருமண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். தாலியோ மோதிரமோ மாலையோ, எப்படிச் செய்வது என்பது உங்கள் விருப்பம். ஒருவரையொருவர் சட்டப்படி கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று அலுவலர் முன்னிலையில் சொல்வது மட்டும் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் புதிதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும்.